வைபவமாலையில் வைபவம் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை பழைய புத்தகங்களில் வரும் சொற்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். காணி வேலி, கலியாணப் பொருத்தம் பற்றி எழுதியவர்கள் குறை நினைக்க வேண்டாம், அதற்கெல்லாம் என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள்.

உயர்தர வகுப்பு மாணவி, கொக்குவில்: யாழ்ப்பாண வைபவமாலையை வாசிக்க எடுத்தேன். பெயரைப் பார்த்தால் ஏதோ திறப்பு விழா, பரிசளிப்பு வைபவம் மாதிரி இருக்கிறது. உள்ளே அரசர்கள், சண்டை, பறங்கிகள். ஏன் இந்தப் பெயர்? இதைச் சரித்திரம் என்று நம்பலாமா?

நல்ல கேள்வி பிள்ளை. வைபவம் என்றால் முதலில் பெருமை, மகிமை. ஒருவருடைய பெருமையைச் சொல்லும் வரலாற்றுக்கும் அதே பெயர் நின்றது. வைணவர்கள் ஆழ்வார்கள் வைபவம், இராமானுசர் வைபவம் என்று சொல்வது இந்தப் பொருளில்தான். அங்கே யாரும் நாடா வெட்டவில்லை. அப்படியே இதுவும் யாழ்ப்பாணத்தின் பெருமையைக் கோத்துச் சொன்ன மாலை. 1918இல் வந்த யாழ்ப்பாண வைபவ கௌமுதிக்கும் பெயர் வந்த வழி இதுதான். இப்போது எங்களிடம் அழைப்பிதழ் வைபவம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆனால் நீங்கள் தலைப்போடு நின்றுவிட்டீர்கள். அதற்கு அடுத்தாற்போல் ஒரு பாயிரச் செய்யுள் இருக்கிறதே, அதைத் தாண்டிப் போகாமல் ஒருக்கால் நின்று பாருங்கள். மேக்கறூன் என்ற 'உலாந்தேசு மன்னன் உரைத்தமிழாற் கேட்க' இந்த நூலைச் சொன்னேன் என்கிறார் மயில்வாகனப் புலவர். காலம் 18ஆம் நூற்றாண்டு, கோட்டையில் இருந்தது ஒல்லாந்தக் கொம்பனி. கொம்பனியில் ஏது மன்னன்? சம்பளத்துக்கு வந்த உத்தியோகத்தர்தான். ஆனால் புலவருக்கு, ஊரை ஆளுகிறவன் எவனோ அவன் மன்னன். செய்யுள் மரபில் அப்படித்தான் விளிக்க வேண்டும், வேறு சொல் கைவசம் இல்லை. இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு சோதனையில் 'மேக்கறூன் என்ற ஒல்லாந்த அரசன்' என்று எழுதினால் புள்ளி போய்விடும்.

அதே வரியில் உரைத்தமிழ் என்கிறாரே, அது வசனநடை. அவருக்கு முன்னால் இருந்த கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா என்பன எல்லாம் பாட்டு. துரைக்குப் பாட்டு வேண்டாம், விஷயம் வேண்டும். அதனால்தான் உரைநடை. செய்யுளின் முடிவில் 'யாழ்ப்பாணத்தின் செய்தி' செப்பினான் என்று வருகிறது. செய்தி என்றால் இங்கே வானொலிச் செய்தி இல்லை, நடந்தது, செய்யப்பட்டது. எங்கள் சரித்திரம் என்ற சொல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது இந்தச் சொல். நடுவிலே 'உற்ற சம்பவங்கள்' என்றும் இருக்கிறது. அதுவும் நடந்தவை என்ற அளவில்தான். இப்போது சம்பவம் என்றால் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வாள்வெட்டு என்று அர்த்தமாகிப் போனது, சொல்லின் தலைவிதி.

நம்பலாமா என்றால், பகுதிக்குப் பகுதி வேறு. யாழ் வாசித்த குருடனுக்கு மணற்றிடரை (யாழ்ப்பாணத்தின் பழைய பெயர்) பரிசாகக் கொடுத்த கதையையும், பறங்கியர் காலத்து நடப்பையும் ஒரே தராசில் போடக் கூடாது. தன் காலத்துக்கு அருகில் வரவர அவர் பேச்சுக்குக் கனம் கூடும். சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்று தனிப் புத்தகமே எழுதினார் என்றால் உரசிப் பார்க்க எவ்வளவு இருக்கிறது என்று விளங்கும்தானே. என்னைக் கேட்டால் வைபவம் என்ற சொல்லே நூலாசிரியர் தந்த முன்னறிவிப்பு. பெருமை சொல்ல வந்தேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். அப்புறம் ஏன் நடுநிலை இல்லை என்று அவரோடு கோபித்துக்கொள்வது?

வாசகர், நல்லூர்: பழைய இலக்கியத்தில் நாற்றம் என்றால் நறுமணமா?

ஓம். மாதம் தவறாமல் வரும் கேள்வி. 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்' என்று குறள் (1274). மொட்டுக்குள் இருக்கும் மணம். ஆண்டாள் கற்பூரம் நாறுமோ என்று கேட்பதும் அதுதான். இதை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் நாங்கள் அதற்குப் பதிலாகப் பிடித்த மணத்தையும் விட்டுவைக்கவில்லையே! 'மீன் மணக்குது', 'உடுப்பு மணக்குது' என்றால் யாழ்ப்பாணத்தில் மூக்கைப் பொத்துகிற மணம். சென்னையில் சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு மணக்குது என்று அவர்கள் சொன்னால் பயப்படாதேங்கோ, பாராட்டுத்தான்.

இளைப்பாறிய நொத்தாரிசு எழுதுவினைஞர், பருத்தித்துறை: தேவாரத்தில் 'ஒற்றி' என்று வருகிறது. நாங்கள் காணி உறுதியில் எழுதுகிற ஒற்றியும் அதுவும் ஒன்றா? திருவொற்றியூரைத்தான் சொல்கிறது என்கிறார் எங்கள் ஊர் ஓதுவார்.

ஐயா, நீங்கள் கேட்பது சுந்தரர் திருவாரூரில் பாடிய பதிகம். 'விற்றுக் கொள்வீர் ஒற்றி அல்லேன் விரும்பி ஆட்பட்டேன்'. உங்கள் தொழில் சொல்தான் அது, சந்தேகமே வேண்டாம்.

மற்ற வாசகர்களுக்காக: ஒற்றி என்றால் கடனுக்கு ஈடாகக் காணியை ஒருவர் கையில் கொடுத்துவிடுவது. வட்டி இல்லை, காணியின் விளைச்சலே வட்டி. முதலைத் திருப்பிக் கொடுத்த அன்று காணியை மீட்கலாம். தமிழ்நாட்டில் ஒத்தி, போக்கியம் என்பார்கள். 1707இல் ஒல்லாந்தர் ஊர் வழக்கங்களைத் திரட்டி எழுதுவித்துப் பன்னிரண்டு முதலிமாரிடம் சரிபார்த்த தேசவழமையிலும், முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்பவற்றோடு ஒற்றியும் இருக்கிறது.

இப்போது பாட்டைப் பாருங்கள். அங்கே மணந்த சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டு வெளியேறியதால் சுந்தரருக்குப் பார்வை போய்விட்டது. காஞ்சியில் ஒரு கண் வந்தது. மற்றக் கண்ணைக் கேட்டு ஆரூர் வாசலில் நிற்கிறார். கெஞ்சவில்லை, வாதாடுகிறார். நான் ஒற்றியாக வந்த ஆள் இல்லை, யாரும் மீட்டுக்கொண்டு போக முடியாது, அறுதியாய் எழுதின ஆள், வேண்டுமென்றால் விற்றுக்கொள்ளும், அவ்வளவு உரிமை உமக்கு உண்டு, அப்படிப்பட்டவனை ஏன் குருடாக்கினீர்? பதிகத்தின் முதல் அடியே 'மீளா அடிமை' என்றுதான் தொடங்குகிறது. ஒற்றி மீட்டாச்சோ என்று ஊரில் கேட்கிறோமே, அந்த மீட்பு இல்லாத அடிமை. மீளா, ஒற்றி அல்லேன், விற்றுக் கொள்வீர் மூன்றையும் சேர்த்து வாசித்தால் கோயிலில் பாடின பாட்டுக்குள் நீதிமன்ற வழக்கு ஒன்று நடப்பது கேட்கும். ஒவ்வொரு பாட்டையும் 'வாழ்ந்து போதீரே' என்று முடிக்கிறாரே, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கோபத்தில் 'சரி, நீங்கள் நல்லாயிருங்கோ' என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகிற குரல் அதில் இருக்கிறது. வாழ்த்து என்று எடுத்தால் பாட்டுக் கெட்டுப்போகும்.

உங்கள் ஓதுவாரும் முழுக்கப் பிழை இல்லை. கண் போனதன் காரணமே ஒற்றியூர் என்கிறபோது, அந்தச் சொல் வாயில் வரும்போது ஊரும் காதில் விழத்தான் செய்யும். ஆனால் ஊர்ப்பெயர் என்று மட்டும் எடுத்தால் 'விற்றுக் கொள்வீர்' அந்தரத்தில் தொங்கும்.

உங்களுக்காகவே இன்னொன்று. சிவன் கிழவராக வந்து சுந்தரரைத் தன் அடிமை என்று வழக்காடும் தடுத்தாட்கொண்ட கதையில், அந்தக் கிழவர் காட்டும் ஆளோலையின் (அடிமைப் பத்திரத்தின்) வாசகத்தைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் அப்படியே பாட்டாக்கித் தந்திருக்கிறார். எழுதிக் கொடுக்கிறவர் பெயர், வாங்குகிறவர் பெயர் (வெண்ணெய்நல்லூர்ப் பித்தன்!), நானும் எனக்குப் பின் வரும் மரபினரும் வழித்தொண்டு செய்வோம் என்ற உடன்பாடு, 'ஓலை இருமையால் எழுதி நேர்ந்தேன்' என்று உள்ளும் புறமும் ஒத்து எழுதியதற்கான உறுதிமொழி, கடைசியில் 'இதற்கு இவை என் எழுத்து'. அந்த எழுத்து என்பது அ, ஆ இல்லை, கைச்சாத்து. சோழர் கல்வெட்டுகளில் அதிகாரிகள் ஒப்பமிடும் வாசகமும் இவை இன்னார் எழுத்து என்றுதான் முடியும். சேக்கிழார் சோழ அரசில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், ஓலை எப்படி எழுதுவது என்று அவருக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. நாற்பது ஐம்பது வருடம் உறுதி எழுதின கை, அந்தப் பாட்டை ஒரு தமிழ் வாத்தியாரைவிட நன்றாக வாசிக்கும் என்பது என் எண்ணம்.

வாசகி, சாவகச்சேரி: நாவலர் பெரியபுராண வசனம் எழுதினார் என்று மகனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். 'எந்தப் படத்துக்கு?' என்று கேட்கிறான். என்ன சொல்ல?

சிரிக்காமல் பதில் சொல்வது கஷ்டம். தம்பியில் பிழை இல்லை, திரையில் கதை வசனம் என்று பெயர் போடுவதைத்தான் அவன் பார்த்திருக்கிறான். ஆறுமுக நாவலர் காலத்தில் வசனம் என்றால் பாட்டு அல்லாதது, அதாவது உரைநடை. கத்தியம் என்றும் சொல்வார்கள், கத்திக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சேக்கிழார் பாட்டாகச் சொன்னதை 1852இல் நாவலர் எல்லாரும் வாசிக்கக்கூடிய உரைநடையாக்கி அச்சிட்டார். அதுதான் பெரியபுராண வசனம். 'வசனநடை கைவந்த வல்லாளர்' என்று பரிதிமாற்கலைஞர் அவரைப் பாராட்டியதும் உரையாடல் எழுதியதற்காக இல்லை.

மகனுக்கு விளங்க வைக்க நல்ல வழி அவன் கொப்பியிலேயே இருக்கிறது. 'பின்வரும் சொற்களை வசனத்தில் அமைக்க' என்று ஆசிரியர் கேட்கிறார் அல்லவா? தமிழ்நாட்டுப் பிள்ளை அதை வாக்கியம் என்பான், நாங்கள் இன்னும் வசனம் என்கிறோம். பழைய பொருளில் ஒரு துண்டு எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது. வேதப் புத்தகத்திலும் வசனம் உண்டு, அங்கே எண் போட்ட சிறு பகுதி. பேர்சிவல் பாதிரியார் இங்கே விவிலியத்தைத் தமிழாக்கியபோது பக்கத்தில் இருந்து உதவியவரும் இதே நாவலர்தான், அந்தப் பதிப்பு 1850இல் வந்தது. இரண்டு வருடத்துக்குள் இரண்டு பக்கத்து வசனத்திலும் அவர் கை!

ஆசிரியை, சுழிபுரம்: குறளில் 'உவக்காண்' என்று வாசித்ததும் வகுப்பு முழுக்கச் சிரிக்கிறது. 'உவன், உது எல்லாம் கொச்சை, திருவள்ளுவர் அப்படி எழுதுவாரா?' என்று ஒரு பெடியன் கேட்கிறான். நான் விளக்கினேன், ஆனால் திருப்தியாக இல்லை.

டீச்சர், சிரிக்கட்டும், சிரித்ததால்தான் அந்தக் குறள் அவர்களுக்கு மறக்காது.

'அ இ உ அம்மூன்றும் சுட்டு' என்கிறது தொல்காப்பியம். தூரத்துக்கு அ, கிட்டத்துக்கு இ, இரண்டுக்கும் நடுவே உ. தமிழ்நாட்டில் பேச்சில் இருந்து இந்த உ போய்விட்டது, அங்கே ஒரு மாணவன் இதை இலக்கணப் புத்தகத்தில் மனப்பாடம் பண்ண வேண்டும். உங்கள் வகுப்புப் பெடியனோ காலையில் எழும்பியதில் இருந்து உதை எடு, உங்க வை, உவன் எங்கே போறான் என்று பேசிக்கொண்டே வந்து, வகுப்பில் அதைக் கொச்சை என்கிறான். கொச்சை இல்லை என்று சொல்வதோடு நிற்காமல், அது இல்லாவிட்டால் குறள் என்ன ஆகும் என்று காட்டுங்கள்.

'உவக்காண்எம் காதலர் செல்வார் இவக்காண்என் மேனி பசப்பூர் வது' (1185). உதோ பார், அவர் போகிறார். இதோ பார், என் உடம்பில் பசலை (பிரிவால் வரும் நிற மாற்றம்) ஊர்கிறது. அவர் தூரதேசம் போய்ச் சேரவில்லை. இன்னும் ஒழுங்கை முடக்குக்கூடத் திரும்பவில்லை, கண்ணுக்குத் தெரிகிறார். அதற்குள் இவளுக்குப் பசலை வந்துவிட்டது! அவக்காண் என்று அகரம் போட்டிருந்தால் ஆள் தொலைவுக்குப் போய்விடுவார், போன பிறகு வாடுவது எல்லாரும் செய்வதுதானே. உகரம் போட்டதால்தான் பிரிவு தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை என்பது தெரிகிறது. முழுக்குறளும் அந்த ஓர் எழுத்தில் நிற்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இது உரையாசிரியர் துணை இல்லாமலே விளங்க வேண்டியது.

ஒரு சின்ன வித்தியாசத்தை மட்டும் சொல்லி வையுங்கள். எங்கள் பேச்சில் உ மெல்லக் கேட்பவர் பக்கம் சாய்ந்துவிட்டது. தொலைபேசியில் 'உங்க மழையோ?' என்றால் கேட்பவர் இருக்கும் இடத்தில் மழையா என்று பொருள், அவர் நூறு மைல் தள்ளி இருந்தாலும் உங்கதான். இன்னொரு இடத்தில் எங்கள் வழக்கு காலையும் வாரிவிடும்: 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' (620). உந்தப் பக்கம் என்று எடுத்தால் போச்சு. அங்கே உப்பக்கம் என்றால் முதுகுப்பக்கம், விதியைப் புறமுதுகு காட்ட வைப்பார்கள் என்கிறது குறள். ஆகவே பேச்சு வழக்கு கைகொடுக்கும்போது பிடித்துக்கொள்ளலாம், ஆனால் உரையை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் பிடிக்க வேண்டும்.

வாசகர், கிளிநொச்சி: பண்டார வன்னியன் பற்றி இணையத்தில் வாசித்தபோது, வன்னியர் என்பதை வைத்துத் தமிழ்நாட்டுச் சாதியோடு ஒருவர் முடிச்சுப் போட்டிருந்தார். சரியா?

எங்கள் பழைய நூல்களில் வன்னியர் என்பது முதலில் ஒரு பதவி. அடங்காப்பற்று, பனங்காமம் போன்ற பகுதிகளை ஆண்ட குறுநிலத் தலைவர்களுக்கு அந்தப் பெயர். அவர்கள் ஆண்ட பகுதியும் அதிகாரமும் வன்னிமை, வன்னிபம். கோணேசர் கல்வெட்டில் வருகிற வன்னிபமும் திருகோணமலைப் பக்கத்துத் தலைவர்தான். மட்டக்களப்பிலே ஆங்கிலேயர் காலத்திலும் வன்னிமை என்று உத்தியோகம் இருந்தது. சிங்களப் பகுதிகளிலும் இந்தப் பட்டத்தோடு தலைவர்கள் உண்டு. 1803இல் ஆங்கிலேயப் படையோடு மோதின பண்டார வன்னியன் பெயரில் இருப்பதும் பட்டம். பண்டாரம் என்ற முன்பாதியையும் பாருங்கள், யாழ்ப்பாண அரச குடும்பத்தவருக்கு வழங்கின பெயர், அதை இன்றைக்குக் கோயிலில் பூமாலை கட்டுகிறவர் என்று யாரும் மொழிபெயர்ப்பதில்லையே. அப்படியிருக்க வன்னியனை மட்டும் ஏன் இன்றைய சாதிப் பெயரால் வாசிக்க வேண்டும்? முதலியார், உடையார் என்பவற்றுக்கும் இதே கதை. பழைய பத்திரம் ஒன்றில் முதலியார் என்று கண்டால் முதலில் என்ன உத்தியோகம் என்று பாருங்கள், யாருடைய ஆள் என்று அல்ல.

வாசகர், சங்கானை: நன்னூல் 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவே' என்கிறது. மற்றவர் மதத்தைக் களையச் சொல்கிறதா? பயமாக இருக்கிறது.

பயப்படாதேங்கோ. மதம் என்றால் அங்கே கருத்து, கொள்கை. நூலாசிரியன் பிறர் கருத்தை எப்படிக் கையாளலாம் என்று ஏழு வழி சொல்கிறது அந்தச் சூத்திரம்: ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு தள்ளலாம், இப்படி. இன்றைக்குக் கட்டுரை எழுதுகிறவர்கள் செய்வதைத்தான் சொல்கிறது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் சமயபாடம் என்று சொல்லிப் பழகியது நல்லதாய்ப் போனது, மதம் என்ற சொல் இப்படியான இடங்களுக்கு மிச்சம் இருக்கிறது.

வாசகர், மானிப்பாய்: பழைய நூல் வாசிக்க எந்த அகராதி வாங்கலாம்?

உங்கள் ஊரிலேயே 1842இல் அச்சான அகராதி இருக்க என்னைக் கேட்கிறீர்களே! யாழ்ப்பாண அகராதி, மானிப்பாய் அகராதி என்று சொல்வார்கள், அமெரிக்க மிசன் அச்சகத்தில் வந்தது, 58,500 சொல். தமிழுக்குத் தமிழ். ஆனால் ஒரு சொல்லுக்கு நாலைந்து பொருளை வரிசையாகக் கொடுக்கும், எது எங்கே என்று சொல்லாது. ஒற்றிக்கு அதைப் பார்த்தால் சுந்தரர் விளங்கமாட்டார். உடுவிலில் இருந்த வின்சுலோ பின்னர் சென்னையில் 1862இல் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதி இன்னும் பெரிது, 67,000க்கு மேல்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. பொருளோடு அது வரும் நூல் வரியையும் தருவதுதான் அதன் பலம். யாழ்ப்பாண வழக்குக்கு ஜே என்ற ஆங்கில எழுத்தைக் குறியாகப் போட்டிருப்பார்கள், அதைத் தேடிக்கொண்டு போனால் உங்கள் அப்பாச்சி பேசின சொற்கள் வரிசையாக நிற்கும். காசு கொடுத்து வாங்காமலும் பார்க்கலாம், இணையத்தில் இருக்கிறது. ஈழத்துப் பழைய நூல்களுக்கு 'நூலகம்' என்ற இணையத்தளம் இருக்கிறது, வைபவமாலையும் அங்கே உண்டு. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது வைபவமாலையே உலகத்தில் இல்லாமல் போய்விட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். எரிந்தது எரிந்ததுதான், அந்த இழப்புக்கு ஈடில்லை, ஆனால் நூல் அதற்கு எத்தனையோ காலம் முன்பே அச்சேறிவிட்டது. 1879இல் பிரிட்டோ அதை ஆங்கிலத்திலும் பெயர்த்துவிட்டார். குல. சபாநாதன் 1949இல் பதிப்பித்தது கிடைத்தால் அதை வாசியுங்கள், அடிக்குறிப்புகள் நிறைய உதவும்.